வெள்ளத்துக்கு அப்புறம் குழந்தையோட சுபாவமே மாறிப்போச்சா? சென்னையில எங்க போகணும், என்ன எடுத்துட்டுப் போகணும், எவ்ளோ ஆகும்

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ நாங்க வேளச்சேரியில கிரவுண்ட் ஃப்ளோர்ல இருந்தோம். விடியக்காலைல பாத்ரூம் வழியா தண்ணி மேல வர ஆரம்பிச்சு, மத்தியானத்துக்குள்ள கட்டில் முழுகிடுச்சு. மேல் வீட்டு அக்கா கதவைத் திறந்து விட்டதால நாங்க எல்லாரும் மூணு நாள் அவங்க ஹால்லயே கரண்ட் இல்லாம கிடந்துட்டு, நாலாவது நாள் போட்ல வெளிய வந்தோம். யாருக்கும் ஒரு கீறல் கூட இல்ல, அதனால தப்பிச்சோம்னு நெனச்சுட்டோம்.

என் பொண்ணுக்கு அப்போ ஏழு வயசு. ஜனவரில இருந்து அடிக்கடி வயித்து வலி. ரத்தம் பாத்தோம், மோஷன் பாத்தோம், ஸ்கேன் எடுத்தோம். ரேஷன் கடையில டோக்கன் வாங்கி லைன்ல நின்னு வாங்கின நிவாரணம் 6,000 ரூபா இதுலயே கரைஞ்சிடுச்சு. குழந்தை பயந்திருக்குன்னு மாமியார் சொன்னாங்க, மசூதிக்குக் கூட்டிட்டுப் போய் ஓதிட்டு வந்தோம், அதுல எந்தத் தப்பும் இல்ல, உண்மையைச் சொல்லணும்னா பயந்திருக்கான்னு மொத மொத கண்டுபிடிச்சது மாமியார்தான். சரியான டாக்டர் முன்னாடி போய் உக்காந்தப்போ ஏப்ரல் ஆயிடுச்சு. இந்த நாலு மாச அலைச்சல் வேற எந்த வீட்டுக்கும் வேண்டாம், அதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன். வெள்ளம்னு எழுதியிருந்தாலும் தீ விபத்து, பெரிய ஆக்சிடென்ட், வீடு இடிஞ்சதுன்னு எதுக்கும் இதே வழிதான்.

1. மொத ரெண்டு மூணு வாரம்: ஆஸ்பத்திரிக்கு ஓடாதீங்க, வீட்ல இதைப் பண்ணுங்க

ராத்திரி அலறி எழுந்திருக்கிறது, படுக்கையை நனைக்கிறது, பாத்ரூமுக்குக் கூட தனியா போக மாட்டேன்னு முந்தானையைப் பிடிச்சுட்டே சுத்துறது, விட்டுப்போன விரல் சூப்புற பழக்கம் திரும்ப வர்றது, பொம்மையை வாளித் தண்ணில முக்கி முக்கி அதே விளையாட்டைத் திரும்பத் திரும்ப விளையாடுறது, இதெல்லாம் மொத சில வாரத்துல நிறைய குழந்தைங்களுக்கு வரும். பெரும்பாலும் தானா குறைஞ்சுடும். இதுக்குன்னு உடனே மாத்திரை தேடாதீங்க.

இப்போ தேவை சாப்பாடு, தூக்கம், அம்மா அப்பா பக்கத்துல. கேம்ப்ல இருந்தாலும் சரி, சொந்தக்காரங்க வீட்ல இருந்தாலும் சரி, எழுந்திருக்கிற நேரம், சாப்பிடுற நேரம், படுக்குற நேரம் மூணையும் முடிஞ்ச வரைக்கும் ஒரே மாதிரி வெச்சுக்கோங்க. ஸ்கூல் திறந்தவுடனே அனுப்புங்க, யூனிஃபார்ம் இல்லன்னாலும் பரவால்ல. நனைஞ்சு போன புக்குக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் கிட்ட எழுதிக் கொடுங்க.

இந்தக் கட்டத்துல நாங்க பண்ணின தப்பெல்லாம் சொல்லிடறேன். வீட்டுக்கு வந்தவங்க எல்லார் முன்னாடியும் "போட்ல எப்படி வந்தேன்னு சொல்லும்மா"ன்னு அவளைச் சொல்ல வெச்சோம். அவளா சொன்னா உக்காந்து கேக்கணும், சொல்லலன்னா தோண்டக் கூடாது. எல்லாரையும் ஒரே நாள்ல உக்கார வெச்சு நடந்ததை முழுசா பேச வெச்சா மனசு லேசாகும்னு சில தன்னார்வலர்களும் கேம்ப்ல சொல்வாங்க, நல்ல எண்ணம்தான், ஆனா உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைக்கல.

அடுத்தது, வாட்ஸ்அப்ல வந்த வெள்ள வீடியோவை எல்லாம் ஹால்ல சத்தமா ஓட விட்டது. மூணாவது, வீடு கழுவுற வரைக்கும் இருக்கட்டும்னு அவளை மட்டும் பத்து நாள் மதுராந்தகத்துல பாட்டி வீட்டுக்கு அனுப்பினது. பெத்தவங்களை விட்டுப் பிரிஞ்சா பயம் ஏறத்தான் செய்யும். அனுப்பியே ஆகணும்னா அம்மாவோ அப்பாவோ கூடப் போங்க, சேறு காத்திருக்கும்.

படுக்கையை நனைச்சதுக்குத் திட்டவோ, அக்கம்பக்கத்துல சொல்லிச் சிரிக்கவோ கூடாது. ரப்பர் ஷீட் ஒண்ணு போட்டுட்டு விட்டுடுங்க.

ஒண்ணு ரொம்ப முக்கியம். தூங்கலன்னு மெடிக்கல் ஷாப்ல கேட்டு தூக்க மாத்திரையோ, தூக்கம் வர்ற சளி மருந்தோ கொடுக்காதீங்க. அதிர்ச்சிக்கு அப்புறம் மொத மாசத்துல தூக்கத்துக்கும் பதட்டத்துக்கும் கொடுக்கிற அந்த வகை மாத்திரை குழந்தைக்கு வேண்டாம்னுதான் உலக சுகாதார நிறுவனத்தோட வழிகாட்டுதலே இருக்கு.

2. மொத நாள்ல இருந்து ஒரு நோட்டு போடுங்க

இந்தக் கட்டுரையில ஒண்ணே ஒண்ணு மட்டும்தான் படிப்பீங்கன்னா இதைப் படிங்க. நாப்பது பக்கம் நோட்டு ஒண்ணு வாங்கி தினமும் ரெண்டு வரி எழுதுங்க. தேதி, ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினா, எத்தனை தடவை எழுந்தா, சாப்பிட்டாளா, ஸ்கூலுக்குப் போனாளா, வலின்னு சொன்னாளா, சொன்னா எத்தனை மணிக்கு, அப்போ வெளிய என்ன நடந்துச்சு.

கடைசியா சொன்னதுதான் எங்களுக்கு விடை கொடுத்துச்சு. மார்ச்ல நான் சும்மா காலண்டர்ல குறிச்சு வெச்சதைப் பாத்தப்போதான் புரிஞ்சுது, வலி வந்த நாள்ல பாதி நாள் மேல் வீட்ல டேங்க் நிரம்பி வழிஞ்ச நாள், இன்னும் சில நாள் வானம் மூடியிருந்த நாள். தண்ணி கொட்டுற சத்தம் கேட்டாலே அவளுக்கு வயிறு பிசையும். அவளுக்கே அது தெரியாது, வயிறு வலிக்குதுன்னு மட்டும்தான் சொல்லத் தெரியும். மூணு டாக்டர் பாத்தாங்க, மூணு பேர் கிட்டயும் நான் வெள்ளத்தைப் பத்தி வாயே திறக்கல, அவங்களும் கேக்கல. யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தா அந்த ஸ்கேன் தேவைப்பட்டிருக்காது.

வயித்து வலி, தலைவலி, வாந்தின்னு வந்தா மொதல்ல குழந்தை டாக்டர் கிட்டயே காட்டுங்க, உடம்புல நிஜமாவே ஏதாவது இருக்கலாம், வெள்ளத்துக்கு அப்புறம் டைஃபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் வர்ற காலம். ஆனா போன உடனே "டிசம்பர்ல வீட்ல தண்ணி புகுந்துச்சு, அதுக்கு அப்புறம்தான் இது"ன்னு மொத வாக்கியமா சொல்லிடுங்க.

3. எப்போ காத்திருக்கிறதை நிறுத்தணும்

கணக்கு ஒரு மாசம். சம்பவம் நடந்த தேதியில இருந்து ஒரு மாசம் தாண்டியும் குறையலன்னாலோ, கூடிட்டே போனாலோ, ஸ்கூல் போக முடியாத அளவுக்கு இருந்தாலோ டாக்டரைப் பாக்கணும். வீட்ல ஒரு சாவு நடந்திருந்தா, இல்ல குழந்தை கண் முன்னாடி யாராவது தண்ணில போயிருந்தா, அந்த ஒரு மாசம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

இதெல்லாம் வந்தா அன்னிக்கே போங்க: செத்துடலாம் போல இருக்குன்னு சொல்றது, கையை அறுத்துக்கிறது, சாப்பாடு தண்ணியே இறங்காம இருக்கிறது, யாரையும் அடையாளம் தெரியாத மாதிரி பேசுறது. சின்ன வயசுதானே, சும்மா சொல்லுதுன்னு விடாதீங்க. 108 கூப்பிடலாம், பக்கத்துல இருக்கிற பெரிய ஜி.ஹெச் எமர்ஜென்சிக்கு நேரா போகலாம்.

4. வீட்ல இருந்தே பண்ற மொத போன்

14416. டெலி மானஸ், நம்ம கவர்ன்மென்ட் "நட்புடன் உங்களோடு மனநல சேவை"ன்னு பேர் வெச்சிருக்கிறது. 24 மணி நேரமும் எடுப்பாங்க, காசு கிடையாது, தமிழ்ல பேசுவாங்க. அந்த நம்பர் போகலன்னா 1800 89 14416. குழந்தைக்காக அம்மா அப்பா பேசலாம், குழந்தை லைன்ல வரணும்னு இல்ல. போன் பண்ணும்போது நோட்டைக் கையில வெச்சுக்கோங்க, "எப்பல இருந்து, எவ்ளோ அடிக்கடி"ன்னுதான் கேப்பாங்க. நான் ராத்திரி பதினோரு மணிக்கு பாத்ரூம்ல உக்காந்துட்டு பேசினேன், அந்தப் பொண்ணு பொறுமையா கேட்டுட்டு எங்க போகணும்னு சொன்னாங்க. நேர்ல போகணும்னா எந்த இடம் பக்கம்னு கண்டிப்பா கேட்டு எழுதிக்கோங்க.

குழந்தை தனியா இருக்கு, அம்மா அப்பா இல்ல, கேம்ப்ல யாரோ தப்பா நடந்துக்கிறாங்கன்னா 1098. தற்கொலை எண்ணம் பத்திப் பேச சென்னையில சினேகா இருக்கு, 044 24640050. ஸ்கூல், பரீட்சை பயம்னா கல்வித்துறையோட 14417.

5. யார் கிட்ட போகணும், எங்க போகணும்

இதுலதான் நாங்க அதிகமா ஏமாந்தோம், அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன். சைக்கியாட்ரிஸ்ட்னா எம்பிபிஎஸ் முடிச்சு மனநலம் படிச்ச டாக்டர், மருந்து எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டாங்க, பேசி, விளையாடி, படம் வரைய வெச்சு தெரபி கொடுப்பாங்க, இவங்க இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு பண்ணியிருக்கணும், நம்பர் இருக்கும், கேக்கலாம், கேட்டா கோவிச்சுக்கிறவங்க கிட்ட போகாதீங்க. கவுன்சலர்னு போர்டு மட்டும் போட்டவங்கள்ல நல்லவங்களும் இருக்காங்க, வாரக் கடைசியில ஒரு கோர்ஸ் முடிச்சவங்களும் இருக்காங்க. குழந்தையோட வயசு என்ன, இந்த மாதிரி அதிர்ச்சி கேஸ் பாத்திருக்கீங்களான்னு நேராவே கேளுங்க.

காசில்லாம பாக்க சென்னையில நல்ல இடங்கள் இருக்கு, இது நிறைய பேருக்குத் தெரியல.

எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி, ஹால்ஸ் ரோட்ல இருக்கு. அங்க சைல்டு கைடன்ஸ் கிளினிக் இருக்கு. சின்னப் புள்ளைங்களுக்கு மொதல்ல இங்க போகச் சொல்வேன், ஏன்னா உடம்புக்கும் மனசுக்கும் ஒரே வளாகத்துல பாத்துடலாம், சுத்தி எல்லாம் குழந்தைங்களா இருக்கிறதால நம்ம புள்ளையும் மிரளாது. கிண்டி, தாம்பரம் பக்கத்துல இருந்து மின்சார ரயில்ல நேரா எழும்பூர்ல இறங்கலாம், மெட்ரோவும் இருக்கு.

கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, மேடவாக்கம் டேங்க் ரோடு. பேரைச் சொன்னாலே நம்ம ஊர்ல கேலி பண்ணிப் பண்ணி வளந்திருக்கோம், எனக்கும் மொதல்ல கால் வரல. போய்ப் பாத்தா குழந்தைங்களுக்குன்னு தனிப் பிரிவு, தனி டாக்டருங்க. சொந்தக்காரங்க என்ன சொல்வாங்களோன்னு பயந்து நாம தள்ளிப்போடற ஒவ்வொரு வாரமும் குழந்தைக்குத்தான் கணக்கு.

மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் மனநலப் பிரிவு இருக்கு. சென்ட்ரல் எதிர்ல ஜி.ஹெச், வடசென்னைக்காரங்களுக்கு ஸ்டான்லி, அப்புறம் கீழ்ப்பாக்கம் மெடிக்கல் காலேஜ் (கே.எம்.சி), ஓமந்தூரார். முடிச்சூர், தாம்பரம் தாண்டி இருக்கிறவங்களுக்கு செங்கல்பட்டு மெடிக்கல் காலேஜ் பக்கம். பள்ளம் மேடெல்லாம் தாண்டி இவ்ளோ தூரம் முடியாதுன்னா, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் என்னிக்கு வருவார்னு கேளுங்க.

6. எடுத்துட்டுப் போக வேண்டிய பேப்பர்

வெள்ளத்துல எல்லாம் போயிடுச்சேன்னு உக்காந்துடாதீங்க. எங்களுக்கு மொத நாள் குழந்தை ஆதார் இல்லாமலே பேரும் வயசும் கேட்டு ஓபி சீட்டு போட்டுக் கொடுத்துட்டாங்க. பேப்பர் இல்லன்னு போறதைத் தள்ளிப்போட வேண்டாம், ஆனா இருந்தா வேலை சீக்கிரம் முடியும்.

கையில வெச்சுக்க வேண்டியது: குழந்தை ஆதார் நகல், உங்க ஆதார் நகல், பழைய டாக்டர் சீட்டு, எடுத்த டெஸ்ட் ரிப்போர்ட் எல்லாம் தேதி வாரியா, இப்போ கொடுக்கிற மருந்து அட்டை, அந்த நோட்டு. முடிஞ்சா கிளாஸ் டீச்சர் கிட்ட நாலு வரி எழுதி வாங்கிக்கோங்க, முன்னாடி எப்படி இருந்தா, இப்போ எப்படி இருக்கா, எத்தனை நாள் லீவுன்னு. டாக்டர் எங்க கிட்ட மொதல்ல எடுத்துப் படிச்சது அந்த லெட்டரைத்தான்.

18 வயசுக்குக் கீழன்னா கையெழுத்து அம்மாவோ அப்பாவோ போடணும். பாட்டி, சித்தி வளக்கிற குழந்தைன்னா அவங்க அடையாள அட்டையும், உறவு தெரியற மாதிரி ரேஷன் கார்டும் எடுத்துட்டுப் போங்க.

தொலைஞ்சு போனதை எடுக்கிற வரிசை இது, வரிசை மாறினா திரும்பத் திரும்ப அலையணும். மொதல்ல சிம். தண்ணில செத்துப்போன போன்ல இருந்த அதே நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்குங்க, ஏன்னா ஆதார் டவுன்லோடுக்கு ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும். நாங்க புது நம்பர் வாங்கிட்டு ரெண்டு வாரம் முழிச்சோம். அப்புறம் இ-ஆதார், இதுக்குக் காசு இல்ல. அப்புறம் குழந்தை பிறப்புச் சான்றிதழ், சென்னை மாநகராட்சி எல்லைக்குள்ள பிறந்திருந்தா மாநகராட்சி வெப்சைட்ல பிறந்த தேதி போட்டு இலவசமா எடுத்துக்கலாம், புரோக்கருக்கு ஒரு பைசா கொடுக்காதீங்க. ரேஷன் கார்டும் ஆன்லைன்ல பிரிண்ட் எடுக்கலாம். பெரிய வெள்ளத்துக்கு அப்புறம் கவர்ன்மென்ட் சான்றிதழ் முகாம் போடுவாங்க, அங்க கட்டணம் இல்லாம நகல் கிடைக்கும், பேப்பர்ல அறிவிப்பு வருதான்னு பாத்துட்டே இருங்க.

பெத்தவங்கள்ல ஒருத்தர் இறந்துட்டாங்க, இல்ல வீடே போய் குடும்பம் தடுமாறுதுன்னா மிஷன் வாத்சல்யா திட்டத்துல குழந்தைக்கு மாசம் 4,000 ரூபா ஸ்பான்சர்ஷிப் இருக்கு, நகரத்துல வருஷ வருமானம் 96,000க்குள்ள இருக்கணும். மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துல மனு கொடுக்கணும். வருமானச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், குழந்தை ஸ்கூல் போனஃபைடு கேப்பாங்க.

7. ஓபிக்குப் போற நாள்

காலைல எட்டு மணிக்கு முன்னாடி போய்ச் சேருங்க, மத்தியானத்துக்கு மேல ஓபி கிடையாது. குழந்தைங்க மனநல கிளினிக் எந்தக் கிழமைன்னு முந்தின நாளே போன்லயோ ஆள் விட்டோ கேட்டுக்கோங்க, தப்பான கிழமை போனா ஒரு நாள் லீவும் ஆட்டோ காசும் வீண். எழும்பூர்ல மொத தடவை எங்களுக்குச் சீட்டு வாங்கி, மொதல்ல பொது டாக்டர் பாத்து, அவர் எழுதி, அப்புறம் மனநலப் பிரிவுன்னு மொத்தம் நாலு மணி நேரம் ஆச்சு. இட்லி, தண்ணி, கலர் பென்சில், பேப்பர் எடுத்துட்டுப் போங்க. சீட்டுக்கும் டாக்டருக்கும் மருந்துக்கும் காசு இல்ல. எங்களுக்கு அன்னிக்கு மொத்தச் செலவே டிரெயினும் டீயும்தான்.

குழந்தை கிட்ட எங்க போறோம்னு பொய் சொல்லாதீங்க. ஊசி இல்ல, வயித்து வலிக்கும் பயத்துக்கும் பேசுற டாக்டர்னு சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போங்க. டாக்டர் கிட்ட குழந்தை முன்னாடியே "இவ எதுக்கெடுத்தாலும் அழறா, படிக்க மாட்டேங்கிறா"ன்னு குறை பட்டியல் படிக்காதீங்க, தனியா பேசணும்னு சொன்னா விடுவாங்க.

அந்த டாக்டரம்மா எங்க கிட்ட மொதல்ல கேட்டது குழந்தையைப் பத்தி இல்ல, "நீங்க தூங்குறீங்களா"ன்னு என்னைக் கேட்டாங்க. நான் அங்கயே அழுதுட்டேன். அவ பயப்படும்போது என் முகத்தைத்தான் பாக்குறா, என் முகம் எப்படியிருக்கோ அதை வெச்சுதான் ஆபத்து இருக்கா இல்லையான்னு முடிவு பண்றான்னு சொன்னாங்க. எனக்கும் தனியா நாலு தடவை பேசினாங்க. அதையும் கூச்சப்படாம கேட்டு வாங்கிக்கோங்க.

8. பிரைவேட்டா பாக்கணும்னா

வேலைக்குப் போறவங்களுக்கு காலைல ஓபி கஷ்டம், அது புரியுது. நாங்க பின்னாடி கொஞ்ச நாள் சாயங்காலம் பிரைவேட்ல பாத்தோம், ஒரு சிட்டிங் 1,200 ரூபா, முக்கால் மணி நேரம். இடத்துக்கு இடம் மாறும், போறதுக்கு முன்னாடியே எவ்ளோ, எத்தனை நிமிஷம், வாரம் எத்தனை தடவைன்னு போன்ல கேட்டுடுங்க.

ஒரு சென்டர்ல எங்களை இருபது சிட்டிங் பேக்கேஜ்னு 30,000 ரூபா முன்பணம் கட்டச் சொன்னாங்க, குழந்தையைப் பாக்கிறதுக்கு முன்னாடியே. எழுந்து வந்துட்டோம். அப்படிக் கேட்டா நீங்களும் எழுந்து வந்துடுங்க. அதே மாதிரி மார்க் குறைஞ்சுடுச்சுன்னு உடனே ஐக்யூ டெஸ்ட், கற்றல் குறைபாடு டெஸ்ட்னு எழுதினா, இப்போ எதுக்குன்னு கேளுங்க. தூங்காத, பயந்துபோன குழந்தைக்கு டெஸ்ட் வெச்சா சரியா வராது, முன்னாடி நல்லா படிச்சுட்டிருந்த குழந்தைன்னா கொஞ்சம் பொறுத்து எடுக்கலாமேன்னு சொல்லிப் பாருங்க.

இன்சூரன்ஸ் பத்தி: 2017 மனநலச் சட்டப்படி உடம்பு வியாதி மாதிரியே மனநல சிகிச்சைக்கும் கவர் கொடுக்கணும். ஆனா நிறைய பாலிசில அட்மிஷனுக்கு மட்டும்தான் பணம் வரும், சிட்டிங் எல்லாம் ஓபி கணக்கு. உங்க பாலிசிலயோ கம்பெனி பாலிசிலயோ ஓபி இருக்கான்னு பாத்துட்டு, இருந்தா ஒவ்வொரு பில்லுலயும் டாக்டர் பதிவு எண், தேதி, குழந்தை பேர் இருக்கான்னு அங்கயே சரி பாருங்க. முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தா எடுத்து வெச்சுக்கோங்க, அட்மிட் பண்ற நிலைமை வந்தா உதவுமான்னு ஆஸ்பத்திரியில இருக்கிற காப்பீட்டு கவுன்டர்ல கேக்கலாம், சாதாரண சிட்டிங்குக்கு அதை நம்பிப் போகாதீங்க.

9. ட்ரீட்மென்ட் எப்படிப் போகும், எவ்ளோ நாள்

எங்களுக்கு பதினோரு சிட்டிங், கிட்டத்தட்ட நாலு மாசம். மொத ரெண்டு மூணு சிட்டிங்ல விளையாட்டு மட்டும்தான், இதுக்கா வந்தோம்னு வீட்டுக்காரர் கேட்டார். அப்புறம் மூச்சை மெதுவா இழுத்து விடக் கத்துக் கொடுத்தாங்க, பயத்துக்கு ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் நம்பர் போட வெச்சாங்க. அப்புறம் அந்த மூணு நாளை அவளா படம் படமா வரைஞ்சா, அவ வேகத்துல. கூடவே பயந்த விஷயத்துக்குப் படிப்படியா பழக்கினாங்க: மொதல்ல குழாயைக் கொஞ்சமா திறந்து நிக்கிறது, அப்புறம் வாளி நிரம்புற சத்தம், அப்புறம் போன்ல மழைச் சத்தம், கடைசியா ஜூலையில ஒரு சாயங்காலத் தூறல்ல குடை பிடிச்சுட்டுத் தெரு முனை வரைக்கும். இதை நீங்களா வீட்ல ஒரே நாள்ல பண்ணிடலாம்னு பீச்சுக்குத் தூக்கிட்டுப் போயிடாதீங்க, எங்க மாமா ஒருத்தர் அப்படிப் பண்ணப் போய் ரெண்டு வாரம் பின்னாடி போயிட்டோம்.

ஒவ்வொரு சிட்டிங்குலயும் கடைசி பத்து நிமிஷம் பெத்தவங்களுக்கு வீட்டுப்பாடம் இருக்கும், அதைச் செஞ்சாத்தான் பலன். அஞ்சாறு சிட்டிங் தாண்டியும் கொஞ்சம்கூட மாற்றம் இல்லன்னா வெளிப்படையா கேளுங்க, வேற டாக்டர் கிட்டயும் காட்டலாம். ரிப்போர்ட், கேஸ் விவரம் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை இருக்கு. மருந்து எழுதினா என்னத்துக்கு, எவ்ளோ நாள், எப்படி நிறுத்தணும்னு எழுதி வாங்கிக்கோங்க, கொஞ்சம் தேறினதும் நீங்களா நிறுத்தக் கூடாது.

10. ஸ்கூல்ல எவ்ளோ சொல்லணும்

கிளாஸ் டீச்சருக்கும் ஹெச்.எம்முக்கும் மட்டும் சொன்னா போதும். "வெள்ளத்துக்கு அப்புறம் ட்ரீட்மென்ட்ல இருக்கா, மழை பெய்யும்போது அழுதா எனக்கு போன் பண்ணுங்க, ஜன்னலை விட்டுத் தள்ளி உக்கார வையுங்க" அவ்ளோதான். வியாதி பேர் எழுதின சீட்டை ஸ்கூல் ஃபைலுக்குக் கொடுக்கணும்னு இல்ல, லீவுக்கு சிகிச்சையில இருக்கிறதா ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிக் கொடுங்க, அந்த ரகசியத்தைக் காப்பாத்துற உரிமை சட்டத்துலயே இருக்கு. உதவி கொடுக்க வர்றவங்க குழந்தையை மேடையில ஏத்திப் பேச வெக்கிறதுக்கும், கேமராவுக்கும் வேண்டாம்னு சொல்லிடுங்க.

11. சத்தம் போடாத புள்ளையைப் பாருங்க

எங்க பெரியவனுக்கு அப்போ பதினாலு. இடுப்பளவு தண்ணில சிலிண்டரையும் என் மாமியாரோட மருந்து டப்பாவையும் தலையில வெச்சுத் தூக்கிட்டு வந்தான். பொறுப்பான புள்ளன்னு தெருவே பாராட்டுச்சு. பாப்பா பின்னாடி நாங்க ஓடிட்டிருந்தப்போ அவன் ஒரு வார்த்தை பேசல. மே மாசம் ஒரு நாள் ராத்திரி மூணு மணிக்கு எழுந்து பாத்தா அவன் பாத்ரூம் ஓட்டையில டார்ச் அடிச்சுப் பாத்துட்டு நிக்கிறான். டிசம்பர்ல இருந்து தினமும் அப்படித்தானாம். வீட்ல யாராவது ஒருத்தர் முழிச்சிருக்கணும்ல அம்மான்னு கேட்டான்.

பெரிய புள்ளைங்களுக்கு அழுகையா வராது. எரிஞ்சு விழறது, போனே கதின்னு கிடக்கிறது, கதவைச் சாத்திக்கிறது, படிச்சு என்ன ஆகப் போகுதுன்னு பேசுறது, பைக்கை வெறி வேகத்துல ஓட்டுறதுன்னு வரும். இல்ல எங்க பையன் மாதிரி ரொம்ப நல்ல புள்ளையாவும் இருக்கும். ஒரு குழந்தைக்கு சீட்டு போடும்போதே வீட்ல இருக்கிற எல்லாக் குழந்தையைப் பத்தியும் டாக்டர் கிட்ட சொல்லுங்க. அவனைக் கூப்பிட்டு "இனிமே ராத்திரி காவல் அப்பாவோட வேலை"ன்னு அவங்க அப்பா வாயாலயே சொல்ல வெச்சாங்க டாக்டர். அதுக்கப்புறம்தான் தூங்க ஆரம்பிச்சான்.

12. அடுத்த அக்டோபருக்கு முன்னாடி

நல்லாயிட்டாங்கன்னு நெனச்சுட்டிருக்கும்போது வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்ச உடனே பழசெல்லாம் திரும்ப எட்டிப் பாக்கும். திரும்ப மொதல்ல இருந்தான்னு பதறாதீங்க, இந்தத் தடவை சீக்கிரம் இறங்கிடும். செப்டம்பர் கடைசியிலயே டாக்டர் கிட்ட ஒரு சிட்டிங் போட்டுக்கோங்க, அக்டோபர்ல கூட்டம் அதிகம்.

"இந்த வருஷம் தண்ணி வராது"ன்னு சத்தியம் பண்ணாதீங்க, வந்துடுச்சுன்னா உங்க மேல இருக்கிற நம்பிக்கையும் போயிடும். "வந்தா என்ன பண்ணப் போறோம்னு நமக்குத் தெரியும்"னு சொல்லுங்க, சொல்றதோட விடாம செஞ்சும் காட்டுங்க. எங்க வீட்ல ஒரு தாள்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கு: ரெட் அலர்ட் வந்தா முந்தின நாள் சாயங்காலமே எல்லாரும் சேர்ந்து மேடான பக்கம் இருக்கிற சித்தி வீட்டுக்குப் போறோம், மாநகராட்சிக்கு 1913, பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077. பேப்பர் எல்லாம் ஜிப் வெச்ச பிளாஸ்டிக் கவர்ல, அதுக்குள்ள ட்ரீட்மென்ட் ஃபைலும் மருந்துச் சீட்டும், எல்லாத்தோட போட்டோவும் எங்க ரெண்டு பேர் போன்லயும், டிஜிலாக்கர்லயும்.

பாப்பாவுக்குத் தனியா ஒரு பை. அவளே அடுக்கினது: ஒரு டிரஸ், பிஸ்கட், கலர் பென்சில், யானை பொம்மை, டார்ச். டார்ச்சை செக் பண்றது அவளோட வேலை, ஞாயித்துக்கிழமை தவறாம பண்றா. டார்ச் உள்ளயே பேட்டரியைப் போட்டு வெக்காதீங்க, கசிஞ்சிடும், தனியா கவர்ல கட்டிப் போடுங்க.